தண்ணிக் கஞ்சியும் தடித்த சோறும்: ஆறாம் மாதத்துக்குப் பிறகு யாழ்ப்பாணத்துப் பிள்ளையின் சாப்பாடு

யாழ்ப்பாணத்தில் எந்தக் குழந்தை நல கிளினிக்குக்குப் போய், வாங்கில் இருக்கிற தாய்மாரிடம் "எத்தனை மாதத்துக்குத் தாய்ப்பால் மட்டும்?" என்று கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: ஆறு மாதம். மிட்வைஃப்மார் வீடு வீடாக ஏறி இறங்கி, சொல்லிச் சொல்லியே பதிய வைத்த பாடம் இது. 2016ஆம் ஆண்டின் இலங்கைக் குடித்தொகை மற்றும் சுகாதார ஆய்வின்படி, ஆறு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைகளில் 82 சதவீதமானோர் தாய்ப்பால் மட்டுமே குடித்தார்கள். உலகத்தில் பல நாடுகள் இதற்குக் கிட்டவும் வரவில்லை.

அதே ஆய்வில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளில் 17 சதவீதமானோருக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை. 15 சதவீதமானோருக்கு உயரத்துக்கேற்ற நிறை இல்லை. ஐந்தில் ஒரு பிள்ளை வயதுக்கேற்ற நிறையைத் தொடவில்லை. இவ்வளவு நன்றாகத் தாய்ப்பால் குடித்து வளர்கிற நாட்டில் இது எப்படி?

பிறக்கும்போதே நிறை குறைந்து பிறப்பது, அடிக்கடி வருகிற வயிற்றோட்டம், சளி, வீட்டின் வருமானம் என்று காரணங்கள் பல. அவற்றில் அடுக்களையிலேயே திருத்தக்கூடிய காரணம் ஒன்று உண்டு. ஆறாம் மாதத்திலிருந்து இரண்டு வயது வரைக்குமான சாப்பாடு அது. எப்போது வரைக்கும் தாய்ப்பால் மட்டும் என்பதைத் தாய்மாருக்கு நன்றாகச் சொல்லிக் கொடுத்துவிட்டோம். அதற்குப் பிறகு எதை, எவ்வளவு தடிப்பாக, எத்தனை தரம் கொடுப்பது என்பதை அந்த அளவுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. சொன்னாலும், வீட்டில் உண்மையில் சமைத்துத் தீத்துகிறவரின் (ஊட்டுகிறவரின்) காதுக்கு அது போய்ச் சேரவில்லை. இந்தக் கட்டுரை இதைப் பற்றித்தான்.

கிளினிக் கொப்பியில் இருக்கிற வளர்ச்சிக் கோட்டிலிருந்து தொடங்கலாம். உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட நியமங்களை வைத்து வரைந்த கோடுகள் அவை. ஆண் பிள்ளைக்கு வேறு, பெண் பிள்ளைக்கு வேறு. முதல் மூன்று மாதத்தில் பிள்ளை மாதத்துக்கு முக்கால் கிலோவுக்கு மேல் நிறை கூடும். எட்டு, ஒன்பது மாதத்தில் அது 300 கிராம் அளவுக்கு வந்துவிடும். இது இயற்கை. "போன மாதம் போல ஏறவில்லையே" என்று தாய் பதற வேண்டியதில்லை. பதற வேண்டிய இடம் வேறு: பிள்ளையின் கோடு தனக்குரிய வளைவை விட்டு விலகிக் கீழே உள்ள வளைவை நோக்கிச் சரிவது, அல்லது இரண்டு மாதமாக நிறை அசையாமல் நிற்பது. அப்படிச் சரிவது பெரும்பாலும் ஆறாம் மாதத்துக்குப் பிறகுதான் தொடங்கும்.

ஆறாம் மாதத்தில் என்ன நடக்கிறது? தாய்ப்பால் அப்போதும் நல்ல பால்தான். ஒரு வயது வரைக்கும் பிள்ளைக்குத் தேவையான சக்தியில் பாதியை அதுவே கொடுக்கும். இரண்டாவது வயதில் மூன்றில் ஒரு பங்கைக் கொடுக்கும். ஆனால் பிள்ளை பெரிதாகிறது, தவழப் பார்க்கிறது, தேவை கூடிவிடுகிறது. ஆறு முதல் எட்டு மாதம் வரைக்கும் தாய்ப்பாலுக்கு மேலே ஒரு நாளைக்குச் சுமார் 200 கலோரி வேண்டும். ஒன்பது முதல் பதினொரு மாதத்தில் 300, ஒரு வயதுக்குப் பிறகு 550. இன்னொரு பக்கத்தில், தாயின் வயிற்றில் இருந்தபோது பிள்ளை சேமித்துக்கொண்டு வந்த இரும்புச்சத்து ஆறு மாத அளவில் தீர்ந்துபோகிறது. நிறை குறைந்து பிறந்த பிள்ளைக்கு அதற்கு முதலே தீர்ந்துவிடும்.

200 கலோரி என்பது பெரிய தொகை இல்லை. அதை எப்படிக் கொடுக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

கஞ்சிக் கணக்கு

நம்முடைய வீடுகளில் முதல் சாப்பாடு பெரும்பாலும் கஞ்சி. சோற்றை நன்றாகக் குழைய விட்டு, தண்ணீர் விட்டுக் கரைத்து, வடித்துக்கூடக் கொடுப்பார்கள். "சின்னப் பிள்ளைதானே, தண்ணியாக் குடுத்தாத்தான் சமிக்கும்" என்பது காரணம். அன்போடு சொல்வதுதான். கணக்கைப் பார்ப்போம்.

100 கிராம் சோற்றில் ஏறத்தாழ 130 கலோரி உண்டு. அதில் மூன்று பங்கு தண்ணீர் சேர்த்துக் கரைத்தால் 400 கிராம் கஞ்சி வரும். கலோரி அதே 130தான். அதாவது 100 கிராம் கஞ்சியில் 32 கலோரி. அதே அளவு தாய்ப்பாலில் 65 முதல் 70 கலோரி வரை இருக்கிறது. நாம் சாப்பாடு என்று நினைத்துக் கொடுக்கிற கஞ்சி, பிள்ளை விட்டுவிட்டு வந்த தாய்ப்பாலில் பாதிச் சத்துக்கூட இல்லாதது.

இனிப் பிள்ளையின் வயிற்றைப் பார்க்க வேண்டும். 7 கிலோ நிறையுள்ள பிள்ளையின் இரைப்பை ஒரு தடவையில் 200 மில்லிலீற்றருக்குக் கிட்டத்தான் கொள்ளும். அந்தக் கஞ்சியால் 200 கலோரி சேர வேண்டுமென்றால் 600 மில்லிலீற்றருக்கு மேல் குடிக்க வேண்டும். மூன்று தரம் வயிறு நிறையக் கஞ்சி குடித்த பிள்ளை பாலுக்கு அழாது. அழாத பிள்ளையைப் பார்த்து "வயிறு நிறைஞ்சிட்டுது, நல்லாச் சாப்பிடுது" என்று வீடே சந்தோஷப்படும். பால் குறையும், கோடும் சரியும். யாரும் பிள்ளையைப் பட்டினி போடவில்லை. வயிறு நிறைந்த பிள்ளைதான் மெலிகிறது.

அதே சோற்றைக் கரைக்காமல் மசித்தால்? இரண்டு மேசைக்கரண்டி குழைந்த சோறு, ஒரு மேசைக்கரண்டி அவித்த மைசூர்ப் பருப்பு, ஒரு மேசைக்கரண்டி தேங்காய் முதற்பால். எல்லாம் சேர்த்து நூறு கிராமைத் தொடாது. கலோரி நூறுக்குக் கிட்ட வரும். இப்படி நாளைக்கு இரண்டு நேரம் கொடுத்தாலே ஏழு மாதப் பிள்ளையின் கணக்கு ஏறத்தாழ முடிந்தது. பாலுக்கும் இடம் மிஞ்சும். தேங்காய்ப்பால் இல்லாத நாளில் ஒரு தேக்கரண்டி தேங்காயெண்ணெயோ பட்டரோ விட்டால் 40 கலோரி அளவு கூடும். எண்ணெய் விட்ட சோற்றைப் பார்த்துச் சில தாய்மார் பயப்படுகிறார்கள். இந்த வயதில் கொழுப்பு வேண்டும். மூளை வளர்வதற்கே வேண்டும்.

தடிப்பை அளக்க ஒரு வழி உண்டு. வலிகாமத்தில் ஒரு கிளினிக்கில் மிட்வைஃப் ஒருவர் அதைச் செய்து காட்டியதைப் பார்த்திருக்கிறேன். இரண்டு கோப்பைகள் வைத்திருந்தார். ஒன்றில் கரைத்த கஞ்சி, மற்றதில் மசித்த சோறும் பருப்பும். ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி எடுத்துச் சரித்தார். கஞ்சி கோடாக ஒழுகி வாங்கில் விழுந்தது. மற்றது கரண்டியிலேயே ஒட்டிக்கொண்டு நின்றது. பின்னால் பேரப்பிள்ளையை மடியில் வைத்திருந்த ஒரு அம்மம்மா கேட்டார்:

"இவ்வளவு தடிப்பாக் குடுத்தா விக்காதோ மிஸ்?"

"விக்காது அம்மா. கட்டியில்லாமல் மசிச்சிருக்கு, தொட்டுப் பாருங்கோ. ஒழுகினால் அது தண்ணி, நிண்டால்தான் சாப்பாடு."

அம்மம்மா விரலால் தொட்டு, இரண்டு விரலுக்கு இடையில் உருட்டிப் பார்த்தார். பிறகு தன்னுடைய நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "உப்பில்லை" என்றார். "ஒரு வயசு வரைக்கும் வேண்டாம் அம்மா, பிள்ளைக்கு அந்த ருசி இன்னும் தெரியாது" என்றார் மிட்வைஃப். அரைமணி நேரப் பேச்சு செய்யாத வேலையை அந்த இரண்டு கோப்பையும் செய்தன. கூட இருந்த தாய்மாரும் ஒவ்வொருவராக வந்து தொட்டுப் பார்த்தார்கள். கையால் தொட்டுப் பார்த்த தடிப்பு நினைவில் நிற்கும். துண்டுப்பிரசுரத்தில் அச்சடித்த "அரைத்திண்ம உணவு" என்ற சொல்லை வைத்து யாரும் சமைக்க முடியாது.

அளவையும் இப்படித்தான் காட்ட வேண்டும். தொடங்கும்போது ஒரு நேரத்துக்கு இரண்டு, மூன்று கரண்டி. எட்டாம் மாதத்துக்குள் 250 மில்லிலீற்றர் கோப்பையில் பாதி. ஒரு வயதுக்குப் பிறகு முக்கால் கோப்பை அல்லது முழுக்கோப்பை. எட்டு மாதம் வரைக்கும் நாளைக்கு இரண்டு, மூன்று நேரம். அதற்குப் பிறகு மூன்று, நான்கு நேரம். இடையில் ஒரு பழமோ, அவித்த கிழங்கோ. அரைக்கிற மெசினை மறந்துவிடலாம். கரண்டியாலோ கையாலோ மசித்தாலே போதும். பல் வரவில்லை என்று காத்திருக்கவும் தேவையில்லை. பிள்ளையின் முரசு (ஈறு) மசித்த சோற்றை நன்றாக அரைக்கும். முதல் பல் முளைத்து, பல்லுக்கொழுக்கட்டை கொட்டுகிற காலத்தில் பிள்ளை சின்னச் சின்னக் கட்டியுள்ள சாப்பாட்டையும், தானே கையால் பிடித்துத் தின்னக்கூடிய மென்மையான துண்டையும் பழகியிருக்க வேண்டும். பத்து மாதம் தாண்டியும் பசை போல அரைத்ததையே கொடுத்தால், பிறகு மெல்லப் பழக்குவது பெரிய பாடு. ஒரு வயதில் வீட்டுச் சோறு கறியையே, உறைப்பைக் குறைத்து, கொடுக்கலாம்.

கடல் பக்கத்தில் இருந்தும் மீன் பிந்துகிறது

இரும்புச்சத்தின் கணக்கு கலோரியை விட இறுக்கமானது. ஏழாம் மாதத்திலிருந்து பிள்ளைக்கு நாளொன்றுக்குச் சுமார் 10 மில்லிகிராம் இரும்பு தேவை. ஒரு லீற்றர் தாய்ப்பாலில் அரை மில்லிகிராம்கூட இல்லை. இரும்பு குறைந்தால் பிள்ளை வெளிறும், பசி குறையும், சோர்ந்து கிடக்கும். மூளை வேகமாக வளர்கிற காலம் என்பதால் கற்கிற திறனையும் அது தொடும். சோறு பருப்பு மட்டும் இந்த இடைவெளியை நிரப்பாது. உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட வழிகாட்டல் அதனால்தான் ஆறு மாதத்திலிருந்தே மீன், முட்டை, இறைச்சி போன்றவற்றைத் தினமும் கொடுக்கச் சொல்கிறது. மாச்சத்து மட்டும் உள்ள சாப்பாட்டைக் குறைக்கவும் சொல்கிறது.

குருநகர், பாசையூர், நாவாந்துறை, தீவகம், வடமராட்சிக் கரை என்று நாலு பக்கமும் மீன் வருகிற ஊர் இது. அப்படியிருந்தும் எத்தனையோ வீடுகளில் பிள்ளைக்கு மீன் ஒரு வயதுக்குப் பிறகுதான். செரிக்காது, கிரந்தி வரும், முள்ளுக் குத்தும் என்று பயம். முள்ளுப் பயம் நியாயமானது. அதற்கு வழி மீனைத் தெரிவதில் இருக்கிறது: பாரை, விளைமீன் மாதிரிப் பெரிய சதையுள்ள மீனில் ஒரு துண்டை அவித்து, விரலால் உதிர்த்து, வெளிச்சத்தில் பார்த்துச் சோற்றோடு பிசையலாம். ஒட்டி மீன் நல்ல ருசிதான். பிள்ளைக்கு அதில் முள்ளு அதிகம். நெத்தலிக் கருவாட்டைச் சுடுதண்ணீரில் ஊறவைத்து உப்பைப் போக்கி, கழுவி, காயவைத்து, வறுத்துத் தூளாக்கி வைத்தால் ஒரு கரண்டி சோற்றில் போட வசதி. முள்ளும் சேர்ந்து தூளாவதால் கல்சியமும் வரும். சுறா வறை நம்முடைய ஊரின் பெருமை. ஆனாலும் பெரிய சுறாக்களில் பாதரசம் சேர்வதால் சின்னப் பிள்ளைக்கு அது வேண்டாம்.

கோழி ஈரலை மறந்துவிடக் கூடாது. விலை குறைவு, இரும்பு நிறைய. வாரத்துக்கு ஒரு தரம் நன்றாக அவித்து மசித்தால் போதும். முட்டையும் அப்படித்தான், மஞ்சளும் வெள்ளையும் நன்றாக அவிந்திருக்க வேண்டும். முட்டை, மீன், கச்சான் (நிலக்கடலை) போன்றவற்றைத் தள்ளிப்போட்டால் ஒவ்வாமை வராது என்று முன்பு நம்பினார்கள். 2015இல் வெளியான ஆய்வு ஒன்று, கச்சானைப் பொறுத்தவரை, ஒவ்வாமை வரும் அபாயமுள்ள பிள்ளைகளுக்கே முதல் வருடத்தில் தொடங்கிக் கொடுத்தது பாதுகாப்பாக இருந்தது என்று காட்டியது. அதனால் தள்ளிப்போட வேண்டியதில்லை. ஒவ்வொரு புதுச் சாப்பாட்டையும் இரண்டு, மூன்று நாள் இடைவெளியில் ஒவ்வொன்றாகச் சேர்த்தால் எது ஒத்துவரவில்லை என்று தெரியும். கச்சானை அரைத்துத்தான் கொடுக்க வேண்டும். முழுக் கச்சான் ஐந்து வயது வரைக்கும் ஆபத்து, தொண்டையில் போய் அடைத்துவிடும்.

மச்சம் சாப்பிடாத வீடுகளும் இங்கே நிறைய. சாப்பிடுகிற வீட்டிலும் வெள்ளிக்கிழமை மச்சம் ஏறாது. கந்தசஷ்டிக்கு ஏறாது. நல்லூர்த் திருவிழா நடக்கிற 25 நாளும் பல வீடுகளில் மீன்சட்டி அடுப்பைக் காணாது. அந்த விரதத்தைக் குறை சொல்லிப் போசணை படிப்பிக்க முடியாது, படிப்பிக்கவும் கூடாது. பிள்ளைக்கு அந்த நாள்களில் என்ன கொடுப்பது என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். பயறு, உழுந்து, மைசூர்ப் பருப்பு, கௌபி ஆகியவற்றில் ஒன்று நாள்தோறும். வறுத்துப் பொடித்த எள்ளு. தயிர். முருங்கை இலை, பொன்னாங்காணி, வல்லாரை என்று ஏதாவது ஒரு இலையைப் பொடியாக அரிந்து, பருப்போடு அவித்து மசித்தது. அதில் இறக்கிய பிறகு நாலு சொட்டுத் தேசிக்காய்ப் புளி விட வேண்டும். இலையிலும் பருப்பிலும் உள்ள இரும்பை உடல் இலகுவில் எடுத்துக்கொள்ளாது. தேசிக்காயில் உள்ள உயிர்ச்சத்து சி அதை எடுக்க உதவும். சோற்றுக்குப் பிறகு ஒரு துண்டு பப்பாப்பழமோ மாம்பழமோ கொடுத்தாலும் அதே பலன்.

இதற்கு நேர்மாறான வேலையைத் தேத்தண்ணி செய்யும். ஒரு வயதுப் பிள்ளைக்கு மாரி பிஸ்கற்றைப் பிளேன்ரீயில் தோய்த்துக் கொடுக்காத வீடு குறைவு. தேயிலையில் உள்ள துவர்ப்பு சாப்பாட்டிலிருக்கும் இரும்பைக் கட்டிப்போட்டுவிடும். கஷ்டப்பட்டு மீன் தீத்திவிட்டு அதன் மேல் தேத்தண்ணி கொடுத்தால் பாதி உழைப்பு வீண். பிள்ளைக்குத் தேத்தண்ணியே வேண்டாம்.

கிளினிக்கில் கொடுக்கிற நுண்போசணைத் தூள் பைக்கற்றுகளையும் இங்கே சொல்ல வேண்டும். ஒரு நாளைக்கு ஒன்று, இளஞ்சூட்டில் இருக்கிற மசித்த சாப்பாட்டில், பிள்ளை கட்டாயம் சாப்பிட்டு முடிக்கக்கூடிய முதல் சில கரண்டியில் கலக்க வேண்டும். பாலிலும் தண்ணீரிலும் கலக்கக் கூடாது, அடுப்பில் வைத்துக் கொதிக்க விடவும் கூடாது. இது கொடுக்கத் தொடங்கினால் மலம் கறுத்துப் போகும். அதைக் கண்டு பயந்து நிறுத்திவிட்டு, பைக்கற்றுகளை அலுமாரிக்குள் வைத்துவிடுகிற தாய்மார் இருக்கிறார்கள். இரும்பு சேர்ந்ததால் வருகிற நிறம் அது, பயப்பட ஒன்றுமில்லை என்று கொடுக்கும்போதே ஒரு வரி சொல்லியிருந்தால் போதும்.

யாருக்குச் சொல்வது, எப்போது சொல்வது

இன்றைய அம்மம்மாமாரில் பலர் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் பிள்ளை பெற்றவர்கள். அந்தக் காலத்தில் நான்கு மாதத்திலிருந்தே சாப்பாடு தொடங்கலாம் என்றுதான் வைத்தியர்களே சொன்னார்கள். ஆறு மாதம் என்ற பரிந்துரையை உலக சுகாதார நிறுவனம் 2001இல்தான் உறுதியாக்கியது. ஆகவே "நாங்கள் நாலு மாதத்திலேயே குடுத்தனாங்கள், நீ வளரேல்லையோ?" என்று அவர் கேட்பது அறியாமை இல்லை. அவருக்குச் சொல்லிக் கொடுத்ததை அவர் சரியாகச் செய்தார். அதோடு அது போரும் பொருளாதாரத் தடையும் நடந்த காலம். கடலுக்குப் போகத் தடை, மண்ணெண்ணெய் இல்லை, கடையில் பால்மா கிடைப்பதே அதிசயம். 2006இல் யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கிற ஏ9 பாதை பூட்டியபோது மறுபடியும் அதே நிலை வந்தது. கிடைக்காத ரின் பால்மா அந்த மனங்களில் உயர்ந்த பொருளாகத் தங்கிவிட்டது. இன்றைக்கு வெளிநாட்டில் இருக்கிற சித்தியோ மாமியோ பார்சலில் அனுப்புகிற குழந்தை உணவு ரின்னுக்கு வீட்டில் கிடைக்கிற மரியாதை, வளவுக்குள் நிற்கிற முருங்கைக்குக் கிடைப்பதில்லை.

இந்த அம்மம்மாவைத்தான் நாம் கிளினிக் வாசலில் விட்டுவிட்டுத் தாயை மட்டும் உள்ளே கூப்பிடுகிறோம். தாய்க்கு வயது இருபத்திரண்டு, முதல் பிள்ளை. கிளினிக்கில் கேட்டதை வீட்டுக்குப் போய் மாமியிடமோ அம்மாவிடமோ சொல்லி எதிர்த்து நிற்க அவரால் முடியுமா? தனியார் துறையில் வேலை செய்கிற தாய்க்குப் பிரசவ விடுமுறை 84 நாள். ஞாயிறு, பௌர்ணமிப் போயா விடுமுறையைக் கழித்துக் கணக்குப் பார்த்தாலும் நான்கு மாதத்தைத் தொடாது. வெங்காயத் தோட்டத்தில் நாட்கூலிக்குப் போகிறவருக்கு அந்த விடுமுறையும் கிடையாது. அப்படியானால் பகலில் பிள்ளைக்குத் தீத்துகிறவர் யார்? அவருக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும். அவரை எதிராளியாக வைத்துப் பேசினால் ஒன்றும் நடக்காது. பத்தியக் கறி வைக்கவும், பிள்ளை பெற்றவளைப் பார்க்கவும் தெரிந்த கை அது. இரவில் வாழைப்பழம் கொடுத்தால் சளி பிடிக்கும் என்று அவர் சொன்னால், சரி, காலையில் கொடுங்கோ என்று விட்டுவிடலாம். விட்டுக்கொடுக்கக் கூடாத இடங்கள் சிலதான்: ஆறு மாதத்துக்கு முதல் எதுவும் வேண்டாம், தண்ணியாக் கரைக்க வேண்டாம், மீனையும் முட்டையையும் தள்ளிப்போட வேண்டாம், ஒரு வயது வரைக்கும் தேன் வேண்டாம். தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமி சின்னப் பிள்ளையின் நரம்பைத் தாக்கக்கூடியது. நாக்கில் தொட்டு வைப்பதும் இதில் அடங்கும்.

அப்பாமாரும் வேண்டும். சந்தைக்குப் போய் மீனையும் மரக்கறியையும் வாங்குகிறவர் பல வீடுகளில் அவர்தான்.

நேரத்திலும் ஒரு சிக்கல் இருக்கிறது. நம்முடைய தடுப்பூசி அட்டவணையில் இரண்டு, நான்கு, ஆறு மாதங்களுக்குப் பிறகு அடுத்த ஊசி ஒன்பதாம் மாதம். சாப்பாடு தொடங்குகிற பேச்சு பெரும்பாலும் ஆறாம் மாத ஊசி போடுகிற நாளில்தான் நடக்கும். ஊசி போட்ட பிள்ளை வீரிட்டு அழுகிறது, காய்ச்சல் வருமோ என்று தாய்க்குப் பயம், பின்னால் வரிசை நிற்கிறது. அந்த நேரத்தில் சொல்வது எதுவும் மனதில் ஏறாது. பிறகு மூன்று மாதத்துக்கு ஊசி இல்லை. மாதாமாதம் நிறை பார்க்க வர வேண்டும் என்றாலும், ஊசி இல்லாத மாதத்தில் வராமல் விடுவது சுலபம். கஞ்சி தண்ணியாகிறதும், மீன் பிந்துகிறதும், போத்தல் வாய்க்குள் வருகிறதும் அந்த மூன்று மாதத்தில்தான். ஐந்தாம் மாதத்திலேயே தாயையும் தீத்தப் போகிறவரையும் சேர்த்துக் கூப்பிட்டு ஒரு தரம் சமைத்துக் காட்டுவதும், ஏழாம் மாதத்தில் மிட்வைஃப் வீட்டுக்குப் போய் கோப்பையைப் பார்ப்பதும் பெரிய செலவில்லாத மாற்றங்கள். ஒரு மிட்வைஃபுக்கு ஆயிரக்கணக்கான சனத்தொகையைப் பொறுப்புக் கொடுத்திருக்கும்போது இது இலகு இல்லை என்பதும் உண்மை. ஏற்கெனவே பிள்ளை வளர்த்துக்கொண்டிருக்கிற தாய்மாரைக் கொண்ட ஆதரவுக் குழுக்கள் இங்கே கை கொடுக்கலாம்.

போத்தலும் கிணற்றுத் தண்ணீரும்

போத்தலைப் பற்றி யாழ்ப்பாணத்தில் கூடுதலாக ஒரு காரணம் சொல்ல வேண்டும். நம்மில் பலர் குடிப்பது சுண்ணக்கல்லுக்குள் தேங்கிய நிலத்தடி நீர். வலிகாமத்துச் செம்மண் தோட்டங்களில் காலங்காலமாகப் போட்ட பசளை கீழே இறங்கி, பல கிணறுகளில் நைத்திரேற்று, உலக சுகாதார நிறுவனம் வகுத்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையைத் தாண்டியிருப்பது பல ஆய்வுகளில் தெரிந்த விசயம். கிருமியைக் கொல்வதற்காகக் கொதிக்க வைத்தால் நைத்திரேற்று போகாது; தண்ணீர் ஆவியாக ஆவியாக அதன் செறிவு கூடும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்கு அப்படியான தண்ணீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால் இரத்தம் ஒட்சிசனைக் காவும் திறன் குறைந்து, பிள்ளை நீலம் பாயக்கூடும். வலிகாமத்தில் தாய்ப்பால் மட்டும் என்ற ஆறு மாதத்துக்கு இது இன்னொரு பலமான நியாயம். அதற்குப் பிறகும் பிள்ளைக்குக் குடிக்க எந்தத் தண்ணீர் நல்லது என்று உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். குடிப்பதைப் போத்தலில் இல்லாமல் கோப்பையால் பருக்குங்கள். கோப்பையைக் கழுவுவது இலகு, கிருமி தங்க இடமில்லை.

பசுப்பாலையும் ஆட்டுப்பாலையும் ஒரு வயது வரைக்கும் குடிக்கிற பாலாகக் கொடுக்க வேண்டாம். இரண்டிலும் இரும்பு மிகக் குறைவு. ஆட்டுப்பாலில் போலிக் அமிலமும் குறைவு. கொல்லைக்குள் ஆடு நிற்கிற வீடுகளில் இதைச் சொல்வது மனக்கஷ்டம் தரும், தெரியும். தயிராகவோ, சாப்பாட்டில் கொஞ்சம் சேர்த்தோ கொடுப்பதில் பிழையில்லை.

காசும் திரிபோஷாவும்

அறிவு இருந்தும் காசு இல்லாவிட்டால் என்ன செய்வது? 2022 பொருளாதார நெருக்கடியில் மண்ணெண்ணெய் இல்லாமல் வள்ளங்கள் கரையில் கிடந்தன. முட்டை விலையும் பால்மா விலையும் எங்கேயோ போயின. "தினமும் மீன் குடுங்கோ" என்று ஒரு தாயிடம் சொல்கிறபோது, வீட்டில் மீன் வாங்க முடிகிறதா என்று கேட்காமல் சொல்வது கொடுமை. ஆனாலும் பிள்ளைக்கு வேண்டிய அளவு எவ்வளவு என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு நேரத்துக்கு ஒரு மேசைக்கரண்டி உதிர்த்த மீன். வீட்டுக்கு வாங்குகிற ஒரு துண்டில் பிள்ளையின் பங்கை முதலில் எடுத்து வைத்தால் முடிகிற காரியம். சூடை மாதிரி விலை குறைந்த மீனிலும் சத்துக்குக் குறைவில்லை, முள்ளெடுக்கப் பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

1973இல் தொடங்கிய திரிபோஷா, சோளம், சோயா, பால்மா சேர்ந்த நல்ல மா. நிறை குறைந்த பிள்ளைக்குக் கிளினிக்கில் கொடுப்பார்கள். 2022 நெருக்கடியில் சோளத் தட்டுப்பாடும், அதில் அஃப்லொரொக்சின் என்ற பூஞ்சை நச்சுப் பற்றி எழுந்த பிரச்சினையும் சேர்ந்து சின்னப் பிள்ளைகளுக்கான விநியோகத்தையே குழப்பின. கிடைக்கிற காலத்திலும் இன்னொரு சிக்கல்: வீட்டில் நாலு பிள்ளைகள் இருந்தால் பைக்கற் நாலாகப் பிரிந்துவிடும். ஒரு தாய் மூத்த பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டு இளையதுக்கு மட்டும் எப்படிக் கொடுப்பார்? ஆகவே திரிபோஷா சோற்றுக்கு மேலதிகமாகத்தான், சோற்றுக்குப் பதிலாக இல்லை என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

தீத்துகிற விதம்

என்ன கொடுக்கிறோம் என்பதற்குக் கிட்டத்தட்டச் சமமாக எப்படிக் கொடுக்கிறோம் என்பதும் முக்கியம். முன்பு காகம் காட்டி, நிலவு காட்டித் தீத்தினார்கள். இப்போது போன். போனைப் பார்க்கிற பிள்ளை வாயைத் திறக்கும், விழுங்கும். பசி இருக்கிறதா, வயிறு நிறைந்ததா என்று தன் உடலைக் கேட்கப் பழகாது. முகத்துக்கு நேரே இருந்து, பேசிப் பேசி, பிள்ளை தலையைத் திருப்பினால் ஒரு நிமிடம் பொறுத்து மறுபடி கொடுத்துப் பார்க்க வேண்டும். மூக்கைப் பிடித்து, கையைக் கட்டிப் புகட்டக் கூடாது. புதுச் சாப்பாட்டைத் துப்பினால் "இதுக்குப் பிடிக்காது" என்று முடிவு கட்டவும் கூடாது. எட்டு, பத்துத் தரம் கொடுத்த பிறகுதான் சில பிள்ளைகள் ஒரு ருசிக்குப் பழகும்.

வருத்தம் வந்தால் சோற்றை நிறுத்துவது இன்னொரு பழக்கம். வயிற்றோட்டம் என்றால் "வயிறு ஆறட்டும்" என்று வெறும் கஞ்சித்தண்ணியில் விடுவார்கள். அந்த நேரத்திலும் தாய்ப்பாலை அடிக்கடி கொடுத்து, மசித்த சாப்பாட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பல தரம் கொடுக்க வேண்டும். சுகமான பிறகு இரண்டு கிழமைக்கு வழக்கத்தை விட ஒரு நேரம் கூடுதலாகக் கொடுத்தால் இழந்த நிறை திரும்பும். அப்படிக் கொடுத்தும் பிள்ளைக்குப் பசி திரும்பவில்லை, அல்லது நிறை ஏறவில்லை என்றால், அடுத்த கிளினிக் திகதி வரைக்கும் காத்திருக்காமல் கொப்பியை எடுத்துக்கொண்டு உங்கள் பகுதி மிட்வைஃபிடமோ, சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கோ போங்கள். போகும்போது பகலில் பிள்ளைக்குத் தீத்துகிறவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.